ஜாங்கோ அட்மின் டிராப்டவுன்: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

ஆர்டர் ஃபார்மில் வாடிக்கையாளர் எண்ணைக் கையால் அடிக்க விட்டால், என்றாவது ஒருநாள் தப்பான எண் ஏறியே தீரும். பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவோடு வரும் நிர்வாகப் பக்கமான அட்மினில் அந்தக் கவலை இல்லை. மாடலில் (டேபிளை விவரிக்கும் கிளாஸ்) ஃபாரின் கீ (இன்னொரு டேபிளின் வரியைச் சுட்டும் ஃபீல்ட்) போட்டாலே பெயரைக் காட்டி எண்ணைச் சேமிக்கும் டிராப்டவுன் தானாக வந்துவிடும். பட்டியலில் ஆள் இல்லையென்றால், பக்கத்தில் உள்ள கூட்டல் குறியை அழுத்தி அங்கேயே சேர்த்துக்கொள்ளலாம். வாடிக்கையாளர் மாடலில், பெயரைத் தரும் ஸ்ட்ரிங் மெத்தட் (__str__) மட்டும் எழுதிவிடுங்கள். இல்லையேல் பெயருக்குப் பதில் ‘கஸ்டமர் ஆப்ஜெக்ட் (1)’ என்றுதான் தெரியும்.

சில நூறு வரிகள் வரை அருமையாக ஓடுகிறது. திணறல் தொடங்குவது இன்லைனில், அதாவது ஆர்டர் பக்கத்திலேயே அதன் பொருள் வரிகளையும் திருத்தும் பகுதியில். ஒவ்வொரு வரியின் டிராப்டவுனும் டேட்டாபேஸில் தனித்தனியே குவெரி (தகவல் கேட்பு) ஓட்டுகிறது. 10 பொருள் உள்ள ஆர்டரைத் திறந்தால், வழக்கமான 3 காலி வரிகளும் மறைந்திருக்கும் டெம்ப்ளேட் வரி ஒன்றும் சேர்ந்து 14 பட்டியல்கள். பொருள் டேபிளில் 2,000 வரி இருந்தால் ஒரே பக்கத்தில் 28,000 ஆப்ஷன்! ஸ்ட்ரிங் மெத்தட் இன்னொரு ஃபாரின் கீயையும் தொட்டால், ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் ஒரு குவெரி கூடும்.

இதற்கு மருந்து, 2.0 பதிப்பில் வந்த ஆட்டோகம்ப்ளீட் ஃபீல்ட்ஸ். தேடத் தேட 20, 20 வரிகளாகக் கொண்டுவருகிறது. ஃபாரின் கீ சுட்டும் டேபிளின் அட்மினில் சர்ச் ஃபீல்ட்ஸ் (எந்த ஃபீல்டுகளில் தேடுவது என்ற பட்டியல்) இருந்தே ஆக வேண்டும். அதில் ஃபீல்டின் பெயருக்கு முன் ‘^’ போட்டால் தொடக்க எழுத்துகளை வைத்து மட்டும் தேடும். பெரிய டேபிளுக்கு அதுவே நல்லது.

உண்மையில் பயப்பட வேண்டிய இடம் வேறு. செயலில் உள்ள வாடிக்கையாளர் மட்டும் தெரியட்டும் என்று மாடலில் லிமிட் சாய்ஸஸ் (limit_choices_to) என்ற வரம்பு வைக்கிறோம். பிறகு ஒருவரை முடக்குகிறோம். அவருடைய பழைய ஆர்டரைத் திறந்தால் சாதாரண டிராப்டவுனில் அவர் பெயர் இருக்காது, வெறும் கோடுதான் நிற்கும். கட்டாய ஃபீல்டாக இருந்தால் பிழை காட்டித் தடுக்கும். காலியாக விடலாம் என்று இருந்தாலோ, தேதியை மட்டும் திருத்திச் சேமித்தாலும் வாடிக்கையாளர் இணைப்பு சத்தமில்லாமல் அழிந்துவிடும்.

ஃபார்மின் குவெரிசெட்டை (டிராப்டவுனுக்கு வரும் வரிகளின் தொகுப்பு) மட்டும் விரித்தால் தீராது. மாடலின் சரிபார்ப்பும் அதே வரம்பைப் பார்த்து நிராகரிக்கும். வரம்பை மாடலிலிருந்து எடுத்துவிட்டு, ஃபார்மின் இனிட்டில் (__init__) ‘செயலில் உள்ளவர்கள் அல்லது இந்த ஆர்டரில் ஏற்கெனவே உள்ளவர்’ என்று, நிபந்தனைகளை ‘அல்லது’ போட்டு இணைக்கும் க்யூ ஆப்ஜெக்டால் எழுதுங்கள். ஆனால் ஆட்டோகம்ப்ளீட் பட்டியல் இந்த வடிகட்டலைக் கண்டுகொள்ளாது. முடக்கப்பட்டவர்களும் அதில் தெரிவார்கள், தேர்ந்தெடுத்துச் சேமிக்கும்போதுதான் பிழை வரும். அதையும் அடைக்க, வாடிக்கையாளர் அட்மினின் தேடல் மெத்தடிலேயே (get_search_results) வடிகட்ட வேண்டும்.

ஒரு டிராப்டவுனின் தேர்வை வைத்து அடுத்ததைச் சுருக்கும் வசதி அட்மினில் கிடையாது. அது வேண்டுமென்றால் ஜாவாஸ்கிரிப்ட் எழுதத் தயாராக இருங்கள்.