ஷாம்பு இஞ்சி வாங்கப் போகிறீர்களா? முதலில் இலையைப் பாருங்கள்

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் சிவப்புக் கூம்போடு நிற்கிற செடியைப் பார்த்துவிட்டு நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். "ஷாம்பு இஞ்சிதானே? ஒரு கிழங்கு கிடைக்குமா?" அது ஷாம்பு இஞ்சி இல்லை. ஷாம்பு இஞ்சி என்று சொல்லி என் தலையில் கட்டியது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகக் கதை சொல்லி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

2023 மார்கழியில் ஒரு ரீல்ஸ் பார்த்தேன். ஓடைக்கரையில் ஒரு பெண் தலையைக் குனிந்து நிற்கிறாள். கையளவு சிவப்புக் கூம்பு ஒன்றை அவள் தலைக்கு மேல் பிடித்து யாரோ பிழிகிறார்கள். ஈரத் துணியைப் பிழிந்த மாதிரி, கற்றாழைச் சோறு கரைந்தது போல வழவழவென்று ஒரு சாறு ஒழுகுகிறது. கீழே தமிழில் எழுத்து: "இயற்கை ஷாம்பு, வீட்டிலேயே வளர்க்கலாம், முடி கொட்டுவது நிற்கும், நரை மறையும்." எனக்கு முடி கொட்டிக்கொண்டிருந்த நேரம். வேறென்ன வேண்டும்?

செடி பொய் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிஞ்சிபெர் செரும்பெட் என்பது அதன் தாவரவியல் பெயர். இஞ்சி, மஞ்சள், ஏலக்காய் எல்லாம் சேர்ந்த குடும்பம். நம் பக்கத்தில் காட்டு இஞ்சி என்பார்கள், கேரளத்தில் காட்டிஞ்சி. (காட்டில் முளைக்கிற இஞ்சி ஜாதி எல்லாவற்றுக்கும் இதே பெயர்தான் என்பதால் பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் எதுவும் வரும்.) ஆசியாவில் பிறந்த செடி. பாலினேசியர்கள் படகில் எடுத்துக்கொண்டு போனதில் ஹவாய்த் தீவு வரை போய்ச் சேர்ந்தது. அங்கே அவாபுஹி என்று பெயர். அந்தக் கூம்புச் சாற்றைத் தலைக்குத் தேய்ப்பது அவர்கள் வழக்கம். கிழங்கைக் காயவைத்துப் பொடித்து, மரப்பட்டைத் துணிக்கு நடுவே வாசனைக்குப் போட்டும் வைப்பார்களாம். அந்த ரீல்ஸ் ஓடை நம்மூர் ஓடை மாதிரி இல்லை. யாரோ எங்கேயோ எடுத்த வீடியோவுக்குத் தமிழ் எழுத்து ஒட்டியிருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ரீல்ஸ் போட்ட அந்தப் பக்கத்திலேயே ஒருவர் கிழங்கும் விற்றார். கிழங்கு ஒன்று 350 ரூபாய், மூன்று வாங்கினால் 900, கூரியர் 120. பக்கத்தின் மேலே கடைப்பெயர் பெரிதாகப் போட்டிருந்தது, ஆனால் ஜிபேயில் பணம் போனது ஒரு தனி ஆளின் பெயருக்கு. பில் கேட்டேன். "செடிக்கு யாரு சிஸ்டர் பில்லு போடுவாங்க?" என்று பதில் வந்தது. சிரிப்புப் பொம்மை வேறு. நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

ஆறாம் நாள் பார்சல் வந்தது. தேங்காய் நார், செய்தித்தாள், அதற்குள் விரல் நீளத்தில் மூன்று துண்டு. ஒன்று அழுத்தினால் உள்ளே போனது, அழுகின வாடை. மற்ற இரண்டிலும் கணு இருந்ததே தவிர, முளைக்கிற கண் ஒன்றுகூட இல்லை. போட்டோ எடுத்து அனுப்பினேன். "சிஸ்டர், அது தூங்குது. இப்ப தண்ணி ஊத்தாதீங்க. சித்திரைல முழிக்கும்."

இந்த இடத்தில்தான் நான் சாய்ந்தேன். ஏனென்றால் அவர் சொன்னது உண்மை. இந்த இஞ்சி குளிர்காலத்தில் இலை மஞ்சளாகிச் சாய்ந்து, கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கும். கோடை மழைக்குத்தான் மறுபடி முளை விடும். நான் தேடிப் பார்த்த இடத்தில் எல்லாம் அப்படியே போட்டிருந்தது. உயிருள்ள கிழங்குக்குப் பொருந்துகிற உண்மையை உயிரில்லாத கிழங்குக்குச் சொன்னார். நாலு மாதம் வாயைத் திறக்க முடியாதபடி என்னைக் கட்டிப்போட அது போதும். செடி விற்கிறவர்களில் ஏமாற்றுகிறவர்களுக்கு இருக்கிற வசதியே இதுதான். சேலை சாயம் போனால் முதல் துவைப்பில் தெரியும். செடி எது என்று தெரிய ஒரு பருவம் ஆகும். அதற்குள் கடை பெயர் மாறிவிடும்.

காத்திருக்கும் நேரத்தில் சும்மா இருந்தேனா? இல்லை. "செடி வர்ற வரைக்கும் இந்தப் பொடி யூஸ் பண்ணுங்க" என்று மாசியில் ஒன்று விற்றார். 100 கிராம் 280 ரூபாய், கூரியர் இலவசம். காய்ந்த ஷாம்பு இஞ்சிப் பொடியாம். மோரில் குழைத்துத் தேய்த்தேன். துவட்டின வெள்ளைத் துண்டு மஞ்சள், தலையணை உறை மஞ்சள், நெற்றி ஓரம் எல்லாம் மஞ்சள். அன்றைக்கு ஆபீஸில் வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டார்கள்.

அத்தைக்கு அப்போதே சந்தேகம். வெற்றிலைப் பெட்டியிலிருந்து ஒரு துளி சுண்ணாம்பு எடுத்து, கிண்ணத்தில் கரைத்த பொடியில் போட்டுக் கலக்கினார். கண்முன்னே சிவந்தது. "ஆரத்தி கரைச்சாப்பல இருக்குது பாரு. இது சமையக்கட்டு மஞ்சத்தூளு கண்ணு" என்றார். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆரத்தித் தட்டுக்கு வெளியே அதற்கு ஒரு வேலை உண்டு என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மணத்துக்குக் கொஞ்சம் பூலாங்கிழங்கு சேர்த்திருந்தார்கள் போல. அதைக் குறை சொல்ல மாட்டேன், வாசனை நன்றாகவே இருந்தது.

சித்திரை வந்தது. கோடை மழையும் இரண்டு பெய்தது. தொட்டியில் அசைவு இல்லை. தோண்டிப் பார்த்தால் ஒரு துண்டு இருந்த இடமே தெரியவில்லை, இன்னொன்று தக்கை மாதிரி. கேட்டதற்கு முதலில் "தண்ணி அதிகமா ஊத்திட்டீங்க" என்றார். தண்ணி ஊத்தாதீங்க என்று அவர் போட்ட மெசேஜையே திருப்பிப் போட்டேன். இரண்டு நாள் மௌனம். அப்புறம் "சரி சிஸ்டர், உங்களுக்காக வளர்ந்த செடியே அனுப்பறேன், கூரியர் மட்டும் குடுங்க." 180 ரூபாய். கொடுத்தேன். ஏன் கொடுத்தாய் என்று வீட்டுக்காரர் இன்றைக்கும் கேட்கிறார். 1,300 போன பிறகு 180 பெரிதாகத் தெரியாது, அவ்வளவுதான்.

2024 ஆனி மாதம் வந்த அந்தச் செடி அருமையான செடி. உண்மையாகவே சொல்கிறேன். பச்சைப் பசேலென்று, மெழுகு பூசின மாதிரி இலை. ஐப்பசிக்குள் இடுப்பு உயரம் வந்து, தண்டின் உச்சியில் சிவப்புக் கூம்பு வைத்தது. நான் குளியலறையில் சொம்பு, துண்டு எல்லாம் எடுத்துவைத்துவிட்டு மாடிக்கு ஓடினேன். கூம்பைப் பிடித்து அழுத்தினேன். கல். இன்னும் அழுத்தினேன். சாறு வரவில்லை, எறும்பு வந்தது. செதில் இடுக்கிலிருந்து வரிசையாக இறங்கி விரல், மணிக்கட்டு, முழங்கை வரை ஏறியது. கையை உதறின உதறலில் பக்கத்துத் தக்காளித் தொட்டி கவிழ்ந்ததுதான் மிச்சம்.

ஒரு தண்டை ஒடித்துக்கொண்டு மருதமலை ரோட்டில் நான் வழக்கமாக மண் வாங்குகிற நர்சரிக்குப் போனேன். அங்கே இருக்கிற பெரியவர் பூவைப் பார்க்கவே இல்லை. தண்டைத் தலைகீழாகப் பிடித்து, இலைக்காம்பு ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். விரல் தண்டைச் சுற்றிச் சுற்றி ஏறியது, மாடிப்படி மாதிரி.

"ஏனுங்க அம்மிணி, இஞ்சி எலை இப்படியா வரும்? அது எடம் வலம், எடம் வலம்னு ரெண்டே பக்கம் வருமுங்க. இது சுத்தி ஏறுது பாருங்க. இது இன்சுலின் செடி ஜாதி."

இலையைக் கசக்கி என் மூக்கருகில் நீட்டினார். புல் வாசனை. இஞ்சி ஜாதி என்றால் கசக்கினதுமே காட்டிக்கொடுத்துவிடும் என்றார். என் கையில் இருந்தது காஸ்டஸ் உட்சோனி, மத்திய அமெரிக்கா பக்கத்துச் செடி. அழகுக்காக இங்கே நிறைய நர்சரிகளில் வைத்திருக்கிறார்கள். தண்டை வெட்டி நட்டால் வந்துவிடும். அவர் கடையில் 80 ரூபாய். கூம்பு செதில்களில் இனிப்பாக ஏதோ சுரப்பதால் எறும்பு எப்போதும் இருக்குமாம். நான் ஷாம்புக்காகப் பிழிந்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

விற்றவருக்குப் போட்டோவோடு எழுதினேன். "இதுவும் ஜிஞ்சர்தான் சிஸ்டர்" என்று ஒரு வரி. அடுத்த மெசேஜுக்கு ஒற்றை டிக்தான். பிளாக். 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். கூப்பிட்டால் தமிழிலும் பேசலாம். பில், விற்றவர் முகவரி, பணம் அனுப்பிய எண் மூன்றும் கேட்டார்கள். மூன்றாவது மட்டும்தான் என்னிடம் இருந்தது. புகாரைப் பதிந்துகொண்டார்கள், அதற்கு மேல் நகரவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. ஆனால் எதிர்மனுதாரர் பெயர், விலாசம் என்று எழுத என்னிடம் என்ன இருக்கிறது? 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி இணையத்தில் விற்கிறவர் தன் பெயர், முகவரி, புகார் வாங்கும் ஆள் எல்லாவற்றையும் காட்டியாக வேண்டும். அது இல்லாத பக்கத்தில் வாங்கினது என் தப்பு. அந்தப் பில்லுக்காக நான் அன்றைக்குச் சண்டை போட்டிருக்க வேண்டும். சிரித்திருக்கக் கூடாது.

வாங்கியே தீருவேன் என்கிறவர்களுக்கு: செடி கைக்கு வந்த அன்றைக்கே இலையைப் பாருங்கள், பூவுக்குக் காத்திருக்காதீர்கள். அசல் செடியில் இலை இரண்டு வரிசையாக, மாறி மாறி இருக்கும். கசக்கினால் இஞ்சி வாடை வரும். இன்னொன்று, அதன் கூம்பு இலைத்தண்டின் உச்சியில் வராது. இலை இல்லாத தனிக்காம்பாக மண்ணிலிருந்தே மேலே வரும். முதலில் பச்சையாக இருந்து, மெல்லச் சிவக்கும். விற்கிறவர் காட்டுகிற போட்டோவில் இலைக் கொத்துக்கு நடுவில் உச்சியில் கூம்பு இருந்தால் அங்கேயே விட்டுவிடலாம். கிழங்காக வாங்கினால் பங்குனி, சித்திரையில் வாங்குங்கள். கண் தெரிகிற மாதிரி, அன்றைய தேதியோடு வீடியோ கேளுங்கள். பார்சல் பிரிப்பதையும் வீடியோ எடுங்கள். பணம் வாங்கிக்கொண்டு ஒன்றுமே அனுப்பாமல் ஓடிவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அடிக்க வேண்டும்.

அசல் கூம்பு கிடைத்தாலும் நரை மறையும் என்றெல்லாம் நினைத்துக்கொள்ளாதீர்கள். பாலக்காட்டில் என் தோழி வீட்டுக் கிணற்றடியில் ஒரு புதர் இருக்கிறது. போன ஆவணியில் போனபோது பிழிந்து போட்டுப் பார்த்தேன். லேசான மணம், வழவழப்பு, காய்ந்த பின் முடி சிக்கில்லாமல் மெத்தென்று இருந்தது. நுரை பெயருக்குத்தான். சனிக்கிழமை வைத்த நல்லெண்ணெயை அது தொடக்கூட இல்லை, மறுநாள் அரப்புப் போட்டுத்தான் எடுத்தேன். யாருக்கும் ஒத்துக்கொள்ளும் என்றும் சொல்ல முடியாது, முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுத் தலைக்குப் போவது நல்லது. கிழங்கு தருகிறேன் என்று தோழி சொல்லியிருக்கிறாள். பங்குனியில் போய் நானே தோண்டி எடுத்து வருவதாக இருக்கிறேன், கூரியர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு விற்ற அந்த இணையப் பக்கம் இப்போது வேறு பெயரில், ஏழு நிற ரோஜா விதை விற்கிறது. ஓடைக்கரை வீடியோவும் இன்னும் அதிலேயே இருக்கிறது.

மாடியில் நிற்கிற செடியை நான் பிடுங்கவில்லை, அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. வருகிற ஞாயிறு கவாத்துப் பண்ணப் போகிறேன். அழகுக்கு வேண்டும் என்கிறவர்கள் சொல்லுங்கள், தண்டு வெட்டித் தருகிறேன், காசு வேண்டாம். எறும்பும் சேர்ந்துதான் வரும்.