வகுப்பும் அறையும் ஒரே கட்டடத்தில்

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் யூனிவர்சிட்டி டவுன் வளாகத்தில் இருக்கும் ஆலிஸ் அண்ட் பீட்டர் டான் கல்லூரியை மாணவர்கள் சுருக்கமாக 'கேப்ட்' (CAPT) என்பார்கள். அது வெறும் விடுதி இல்லை, வெவ்வேறு துறை மாணவர்கள் ஒன்றாகத் தங்கிப் படிக்கும் இடம். சமூக ஈடுபாடுதான் அதன் கருப்பொருள். அதையொட்டிய பாடங்களும் அங்கேயே நடக்கும். வழக்கமாக 2 ஆண்டுத் திட்டம். லிஃப்டில் இறங்கினால் வகுப்பு. பேராசிரியர்கள் சிலரும் அதே கட்டடத்தில் குடியிருக்கிறார்கள்.

பொறியியல் படித்த எனக்கு, முதியோர் பராமரிப்பைப் பற்றி ஒரு சமூகப்பணி மாணவியோடு வாதாடும் வாய்ப்பு வேறெங்கும் கிடைத்திருக்காது. அந்த வாதம் வகுப்போடு நிற்காமல் இரவுச் சாப்பாட்டு மேசை வரை வரும். எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது.

அறை சின்னது, ஆனால் போதும். சாப்பாட்டுத் திட்டம் கட்டாயம், அதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். தனியாக இருக்க விரும்புபவர்களுக்குச் சாதாரண விடுதியே நல்லது. மற்றபடி, முதலாண்டு சேரும் தம்பி தங்கைகள் தயங்காமல் விண்ணப்பிக்கலாம்.