ஆஃப்செட்டா, வகுத்த வீதமா, இன்னொரு மாறியா?

எண்ணிக்கைத் தரவில் ஒவ்வொரு வரிசைக்கும் பின்னால் இருக்கும் ஆட்களோ காலமோ ஒரே அளவில் இருப்பதில்லை. எண்ணிக்கைகளை விளக்கும் மாதிரியான பாய்சான் ரெக்ரெஷனில் இதைச் சேர்த்துக்கொள்ள மூன்று வழிகள் உண்டு: அந்த அளவின் லாக்கை, கெழு (மாறியின் பெருக்கெண்) 1 என்று நிறுத்திச் சேர்ப்பது, அதாவது ஆஃப்செட்; எண்ணிக்கையை அந்த அளவால் வகுத்து வீதமாக்குவது; லாக்கை இன்னொரு மாறியாகப் போட்டுக் கெழுவைத் தரவிலிருந்தே கணிப்பது. நான் ஆஃப்செட்டின் பக்கம். ஏன் என்பதைப் பலருக்கும் தெரிந்த ஒரு தரவை வைத்தே சொல்கிறேன்.

ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் 1951இல் தொடங்கிய பிரிட்டிஷ் மருத்துவர்கள் ஆய்வில், இதயத் தமனி நோய் இறப்புகளின் அட்டவணை பத்தே வரிசைதான்: ஐந்து வயதுப் பிரிவு, புகைப்பவர், புகைக்காதவர். புகைக்காதவர்களில் 55–64 வயதில் 28 இறப்பு. 65–74 வயதிலும் 28. ஆனால் முன்னதில் 5,710 ஆள்-ஆண்டுகள் (ஒவ்வொருவரையும் கவனித்த ஆண்டுகளின் கூட்டல்), பின்னதில் 2,585. லட்சத்துக்கு 490 எங்கே, 1,083 எங்கே!

வகுத்து வீதமாக்கிச் சாதாரண ரெக்ரெஷன் போடுவதை நான் விரும்புவதில்லை. 2 இறப்பில் பிறந்த வீதத்துக்கும் 206 இறப்பில் பிறந்த வீதத்துக்கும் அது ஒரே மதிப்பைக் கொடுத்துவிடும். ஆள்-ஆண்டுகளை எடையாகக் கொடுத்து வீதத்தின் மீதே பாய்சானை ஓட்டினால் ஆஃப்செட்டின் அதே கெழுக்கள் வரும். ஆனால் முழு எண் இல்லையென்று ஆர் மென்பொருள் எச்சரிக்கும், மாதிரிகளை ஒப்பிடும் அளவான ஏஐசியும் உதவாது.

உண்மையான போட்டி மூன்றாவது வழியோடுதான். ஆஃப்செட்டில் லாக் ஆள்-ஆண்டின் கெழுவை 1 என்று நாமே நிறுத்திவிடுகிறோம்: காலம் இரட்டித்தால் எதிர்பார்க்கும் இறப்பும் இரட்டிக்கும். அதனால்தான் மற்ற கெழுக்களை வீத விகிதமாகப் படிக்க முடிகிறது. வயதையும் புகைப்பதையும் சேர்த்தால் புகைப்பவர்களின் வீதம் 1.43 மடங்கு.

"1 என்று ஏன் கட்டிவைக்க வேண்டும், தரவே சொல்லட்டுமே" என்று லாக் ஆள்-ஆண்டைச் சாதாரண மாறியாகப் போடுபவர்கள் உண்டு. நியாயமாகத்தான் படும். ஆனால் இந்தத் தரவு அதை எங்கிருந்து சொல்லும்? வயது ஏற்கெனவே மாதிரியில் இருக்கிறது. மிச்சமிருப்பது, ஒவ்வொரு வயதிலும் புகைப்பவர்களின் ஆள்-ஆண்டு மற்றவர்களுடையதைப் போல எத்தனை மடங்கு என்பது மட்டுமே. அது 2.8க்கும் 5.0க்கும் இடையில்தான் அசைகிறது. அத்தனை சின்ன அசைவிலிருந்து கெழுவைக் கணித்தால், புகையின் விளைவில் ஒரு பங்கை அது இழுத்துக்கொள்ளும். ஒருவேளை 0.7 என்று வந்தால், இரட்டிப்புக் காலத்துக்கு 1.6 மடங்கு இறப்புதான் என்று பொருள். அதே மருத்துவர்களை இன்னும் நெடுங்காலம் கவனித்ததற்காக இறப்பு வீதம் ஏன் குறைய வேண்டும்?

ஆஃப்செட் மாதிரியும் இங்கே முழுசாகப் பொருந்தவில்லை. பொருந்தாமையை அளக்கும் டீவியன்ஸ் 12.1; நன்றாகப் பொருந்தினால் அது கட்டின்மைப் படிகளின் எண்ணிக்கையான 4ஐ ஒட்டி இருக்கும். ஆனால் அதற்கு ஆஃப்செட் காரணமல்ல. 35–44 வயதில் 5.7 மடங்கான வீத விகிதம் 75–84இல் 0.9 ஆகிவிடுகிறது. வயதுக்கும் புகைக்குமான இடைவினையைச் சேர்ப்பதே மருந்து.

சாலை விபத்துக் கணக்கு வேறு மாதிரி. வண்டிகள் இரட்டித்தால் விபத்தும் இரட்டிக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. அங்கே கெழுவைத் திறந்துவிடுவதே சரி என்று நினைக்கிறேன், அந்த வகைத் தரவில் என் அனுபவம் குறைவுதான் என்றாலும். சந்தேகம் இருந்தால் ஆஃப்செட்டை வைத்துக்கொண்டே அதே லாக்கை மாறியாகவும் சேர்த்துப் பாருங்கள். வரும் கெழு 1லிருந்து எவ்வளவு விலகல் என்பதைக் காட்டும். ஸ்டேட்டா மென்பொருளில் எக்ஸ்போஷர் என்று கொடுத்தால் லாக்கை அதுவே எடுத்துக்கொள்ளும். ஆஃப்செட் என்று கொடுத்தால் நீங்கள்தான் எடுத்துத் தர வேண்டும்.