கவாத்துக் கத்தி பட்டால்: காபித்தூளா, கயிறா, கையா?

கவாத்துக் கத்தியைச் சவரக்கத்திபோலத் தீட்டி வைப்போம். அப்போதுதான் தேயிலைக் கிளை பிளக்காமல் சீராக வெட்டுப்படும். சென்ற ஆண்டு கோத்தகிரிப் பக்கம் நான் வேலை பார்க்கும் தோட்டத்தில், அந்தக் கத்தி ஓர் அண்ணனின் இடது முன்கையில் இறங்கியது. தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து ஒருவர் காபித்தூள் டப்பாவுடன் ஓடிவந்தார். இன்னொருவர் சாக்கு கட்டும் சணல் கயிற்றை நீட்டினார்.

முந்திக்கொண்டது காபித்தூள்தான். அது இரத்தத்தைக் குடித்துக் கட்டியாகிவிடும். பார்ப்பவருக்கு இரத்தம் நின்றதுபோலத் தோன்றும். அடியில் கசிந்துகொண்டே இருக்கும். மருத்துவமனையில் உப்புநீரை ஊற்றி ஊற்றி அந்தத் தூளைக் கழுவி எடுத்தார்கள். அண்ணன் துண்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெட்டு விழுந்தபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை என்றார். மஞ்சள்தூளும் தேயிலைத்தூளும் இதே கதைதான். அஞ்சறைப்பெட்டி மஞ்சளில் எத்தனை கை பட்டிருக்கும்!

கயிற்றை நான் இன்னும் அதிகமாக அஞ்சுகிறேன். அரைகுறையாக இறுக்கினால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் மட்டும் தடைபடும்; தமனி வழியே வருவது நிற்காது. காயம் முன்பைவிட அதிகமாகக் கொட்டும். மெல்லிய கயிறு நரம்பையும் நசுக்கிவிடும். ஆனாலும் இறுக்கிக் கட்டுவதற்கும் ஓர் இடம் உண்டு. கை காலில் இரத்தம் பீய்ச்சி அடித்து, அழுத்தியும் நிற்காவிட்டால் உயிரைக் காப்பது இறுக்குக்கட்டுதான். அப்போது அகலமான துணியைக் காயத்துக்கு 5 செ.மீ. மேலே, மூட்டைத் தவிர்த்துக் கட்டி, நடுவில் குச்சி செருகி, இரத்தம் நிற்கும்வரை முறுக்க வேண்டும். கட்டிய நேரத்தை எழுதிவையுங்கள். அவிழ்ப்பது மருத்துவரின் வேலை. குஞ்சப்பனை வழியாக மேட்டுப்பாளையம் இறங்கவே ஒரு மணி நேரம் ஆகிவிடும். வழியில் தளர்த்திப் பார்க்கும் ஆசை வரக்கூடாது.

மற்றபடி நான் நம்புவது கையைத்தான். சுத்தமான பருத்தித் துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, உள்ளங்கையால் பலமாக அழுத்துங்கள். கடிகாரத்தைப் பார்த்து 10 நிமிடம், இடையில் எடுக்கவே கூடாது. இதுதான் பலருக்கும் முடியாத காரியம். நின்றுவிட்டதா என்று துணியைத் தூக்கும் ஒவ்வொரு முறையும், உறையத் தொடங்கிய இரத்தம் பிய்ந்து வந்துவிடும். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். குச்சியோ கண்ணாடியோ ஆழமாகக் குத்தி நின்றால் பிடுங்காமல், அதன் இருபுறமும் அழுத்துங்கள். கூட இருப்பவர் 108-ஐ அழைக்கட்டும்.

தேவாலா, கூடலூர்ப் பக்கத்து அட்டைக்கடி வேறு. அட்டையின் எச்சில் இரத்தத்தை உறையவிடாது என்பதால் வெகுநேரம் கசியும். சோப்புப் போட்டுக் கழுவிக் கட்டினால் போதும்.

மண்ணும் எருவும் பட்ட கத்தி என்றால் டெட்டனஸ் ஊசி பற்றி அன்றே கேளுங்கள். அண்ணனுக்குக் கடைசியாக எப்போது போட்டது என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை. தையல் போட்ட கையோடு அதையும் போட்டு அனுப்பினார்கள்.