ஷட்டர் மாற்றியதாகச் சொல்லி 11,800 ரூபாய் வாங்கிவிட்டார்கள்: கேமரா சர்வீஸுக்குக் கொடுப்பவர்கள் கவனம்

நேற்று மதியம் திருவனந்தபுரத்தில் ஒரு மெக்கானிக் என் கேமராவைத் திறந்து காட்டினார். உள்ளே இருந்தது பழைய ஷட்டர் (படம் எடுக்கும்போது வெளிச்சத்துக்குத் திறந்து மூடும் தகடு). மூன்று வாரத்துக்கு முன் "புதுசு மாட்டியாச்சு" என்று 11,800 ரூபாய் வாங்கினார்களே, மாற்றவே மாற்றாத அதே ஷட்டர். அந்தச் சூட்டோடு எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடைப் பெயரைப் போடப் போவதில்லை. நாகர்கோவிலில் ஒரு மாடியில் இருக்கும் சின்ன கேமரா சர்வீஸ் கடை, அவ்வளவு போதும். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

எனக்குக் கருங்கல் பக்கம் கல்யாண போட்டோதான் பிழைப்பு. கேமரா டிஎஸ்எல்ஆர், வாங்கி ஏழு வருஷம். ஷட்டர் சத்தத்தில் ஒரு இழுவை தெரிந்ததால்தான் அங்கே போனேன். கடைக்காரர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருப்பார். கேமராவைக் காதோடு வைத்து நாலு தடவை அமுக்கிக் கேட்டார். கம்ப்யூட்டரில் மாட்டி கவுண்ட், அதாவது ஷட்டர் இதுவரை எத்தனை தடவை அடித்திருக்கிறது என்று பார்த்தார்: 1,42,000. "ஒன்றரை லட்சத்துக்குத்தான் மக்கா இந்த ஷட்டருக்குக் கணக்கு. எப்ப வேணும்னாலும் விட்டுரும்" என்றார். அதில் பொய் இல்லை. அப்புறம் நான் கேட்காமலே லென்ஸ் கேமராவைத் தொடும் உலோகப் புள்ளிகளைத் துடைத்துக் கொடுத்து, அதற்குக் காசு வேண்டாம் என்றார். கட்டன் சாயா வாங்கித் தந்தார். "பேடிக்காண்டாம் (பயப்பட வேண்டாம்), என் சொந்த கேமரா மாதிரியாக்கும் பார்ப்பேன்."

அந்த 'ஆக்கும்'தான் என்னை விழத்தட்டியது. நம்ம ஊர்க்காரர், நம்ம பேச்சு. சென்னைக்கு கூரியரில் அனுப்பி இரண்டு வாரம் காத்திருப்பதைவிட இது மேல் என்று நினைத்துவிட்டேன்.

நாலாவது நாள் போனேன். பத்தாயிரம், ஜிஎஸ்டி 1,800, ஆக 11,800. ஜிபே பண்ணுகிறேன் என்றதற்கு, "இன்னைக்கு லிமிட் தாண்டிட்டு மக்கா, கையிலே குடு" என்றார். பழைய ஷட்டரைக் கேட்டேன். "அதை வச்சு என்ன செய்யப் போறே, குப்பையில போட்டாச்சு." ரசீது என்று கொடுத்தது அரைத்தாள். 'சர்வீஸ் 11,800' என்று மட்டும் எழுதியிருந்தது. ஜிஎஸ்டி நம்பரும் இல்லை, என்ன பாகம் மாற்றினார்கள் என்றும் இல்லை. பார்த்தேன். பார்த்தும் மடித்துப் பாக்கெட்டில் வைத்தேன். கடையிலேயே இருபது படம் எடுத்துப் பார்த்ததில் சத்தம் கணீரென்று இருந்தது. எண்ணெய் போட்டால் கொஞ்ச நாளைக்குக் கணீரென்றுதான் இருக்கும் என்பதை நேற்றுத்தான் தெரிந்துகொண்டேன்.

போன வாரம் நெய்யூர் பக்கம் ஒரு ஆலயத்தில் கல்யாணம். மோதிரம் மாற்றும் வரை ஒரு குறையும் இல்லை. போதகர் தாலியைக் கையில் வைத்து ஜெபம் தொடங்கும்போது எடுத்த படத்தில் கீழ்ப்பாதி கறுப்பு. ஃபிளாஷ் போட்டு ஷட்டர் ஸ்பீடை 200க்கு மேல் (நொடியில் 200இல் ஒரு பங்கைவிட வேகமாக) ஏற்றினால் இப்படிக் கறுப்புப் பட்டை விழும், அவசரத்தில் டயல் திரும்பியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். 125இல்தான் இருந்தது. ஃபிளாஷை அணைத்து ஒன்று எடுத்தேன். அதிலும் பட்டை. அடுத்த அமுக்கில் எர்ரர் 20.

எங்கள் ரக கேமராவில் 01 என்றால் லென்ஸ் தொடர்பு, 02 என்றால் கார்டு. அதெல்லாம் துடைத்தோ மாற்றியோ பிழைத்துக்கொள்ளலாம். 20 வந்தால் உள்ளே இருக்கும் இயந்திரம். தெரிந்தும் கை சும்மா இருக்குமா? ஆஃப் பண்ணினேன், பேட்டரியைக் கழற்றி இருபது எண்ணிவிட்டுப் போட்டேன், வேறு பேட்டரி, வேறு கார்டு, சட்டை நுனியால் லென்ஸ் புள்ளிகளைத் துடைத்தேன், லென்ஸே இல்லாமல் அமுக்கிப் பார்த்தேன். எர்ரர் 20. ஜெபம் முடிந்து ஆமென் சொல்லிவிட்டார்கள். பெண்ணின் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இப்போதும் கண்ணில் நிற்கிறது. இரண்டாவது கேமராவை வாடகைக்கு விட்டிருந்தேன், அது என் புத்திகெட்டதனம். வீடியோ எடுத்த பையனின் பதிவிலிருந்து தாலி கட்டும் பிரேமைப் பிரித்து எடுத்தேன். 1920க்கு 1080, அதாவது இரண்டு மெகாபிக்சல். 12க்கு 36 அங்குல ஆல்பத்தில் அதை விரித்தால் மாப்பிள்ளை முகம் மாவாகிவிடும்.

மறுநாள் காலை கடைக்குப் போன் போட்டேன். "பேட்டரி ஒரிஜினல்தானா?" ஒரிஜினல்தான் என்றதும், "கஸ்டமர் இருக்காங்க, பிறகு கூப்பிடுதேன்." கூப்பிடவில்லை. வாட்ஸப்பில் பாதி கறுத்த படத்தை அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. மூன்றாம் நாள் நேரில் போனால், "அண்ணன் சரக்கெடுக்கப் போயிருக்காரு" என்றான் உதவிப் பையன். உள்ளே திரைக்குப் பின்னால் அவருடைய இருமல் கேட்டது! அரை மணி நேரம் உட்கார்ந்திருந்த பிறகு வெளியே வந்து, கேமராவை ஒரு திருப்பு திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, ஈரம் இறங்கியிருக்கு. கடக்காத்து. அதுக்கு வாரண்டி கிடையாது" என்றார். அன்றைக்கு மக்கா, இன்றைக்குத் தம்பி.

இந்த ஊரில் ஈரத்தைச் சொன்னால் யாரும் மறுக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம், பக்கத்திலேயே கடல். ஆனால் நான் கேமராவை சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வைப்பவன், லென்ஸில் ஒரு பொட்டு பூஞ்சை கிடையாது. சரி, புது ஷட்டரை மாட்டியதாவது உண்மையா என்றேன். "கவுண்ட்டைப் பாரு, அது போர்டுல இருக்கும், ஷட்டர் மாத்தினாலும் மாறாது. நீ எப்படி நிரூபிப்பே?" என்றார். நான் கவுண்ட் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. பதிலை முன்கூட்டியே தயாராக வைத்திருக்கிறார்.

அதனால்தான் குழித்துறையில் ரயில் ஏறி திருவனந்தபுரம் போனேன். ஷட்டர் தகடு முழுக்கத் தேய்ந்த கோடுகள், ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு, ஒரு தகடு மடங்கி மாட்டிக்கொண்டிருந்தது. மூன்று வாரத்தில் எடுத்த இரண்டாயிரம் படத்துக்கு இப்படித் தேயாது என்றார் அந்த மெக்கானிக். கேட்டதும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். 11,800 ரூபாய்க்கு எனக்குக் கிடைத்தது இரண்டு சொட்டு எண்ணெய்.

விரிவாக எழுத நினைத்தேன், பெண் வீட்டிலிருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டது, போயாக வேண்டும். பழைய பாகத்தைக் கையில் வாங்காமல் காசு கொடுக்காதீர்கள். பாகத்தின் பெயரும் ஜிஎஸ்டி நம்பரும் பில்லில் இருக்க வேண்டும். வெள்ளைச் சுவரைப் பார்த்து எல்லா ஸ்பீடிலும் ஒரு இருநூறு படமாவது எடுத்துப் பாருங்கள், இருபது போதாது. இரண்டாவது கேமராவை முகூர்த்த நாளில் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லியாகிவிட்டது. திங்கட்கிழமை அரைத்தாள் ரசீதும் மெக்கானிக் எழுதிய தாளுமாக நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். அதே கடையில் ஏமாந்தவர் இருந்தால், ரசீது எப்படிப்பட்டதானாலும் கிழித்துப் போடாமல் வைத்திருங்கள்.