க்யூஆர் டிக்கெட்டைப் படமாக வாங்காதீர்கள்

போன மாதம் சென்னையில் ஓர் இசை நிகழ்ச்சி. டிக்கெட் தீர்ந்துவிட்டது. தங்கை ஆசைப்பட்டாள் என்று, "எங்களால் போக முடியவில்லை, வாங்கிய விலைக்கே தருகிறேன்" என்றிருந்த ஒருவரிடம் இரண்டு டிக்கெட் வாங்கினேன். 6,000 ரூபாய். பணம் போட்டதும் வாட்ஸ்அப்பில் இரண்டு க்யூஆர் படங்கள் வந்தன, அசல் ரசீதோடு. டிக்கெட் உண்மையானது. அதனால்தான் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

வாசலில் என் போன் திரையை ஸ்கேன் செய்த பையன், "அண்ணா, இது ஏற்கெனவே உள்ளே போயிடுச்சு" என்றான். திரை வெளிச்சத்தைக் கூட்டி மறுபடி காட்டினேன். அதே பதில். ஓரமாக ஒதுங்கி நின்றால், அங்கே ஒரு தம்பதி கையிலும் அதே வரிசை, அதே இருக்கை எண். விற்றவரும் அதே ஆள்தான். பாட்டுச் சத்தம் வெளியே கேட்கக் கேட்க, தங்கை பேசாமல் நின்றாள். பணம் போனதைவிட அதுதான் எனக்கு வலித்தது.

திரையிலிருந்து கேமராவுக்குப் போவது வெறும் வெளிச்சம். கருப்பு வெள்ளைக் கட்டங்களில் இருக்கும் எண்ணைக் கேமரா படிக்கும், அவ்வளவுதான். அந்தத் திரை யாருடைய போன் என்று அதற்குத் தெரியாது. ஒரே படத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் பத்திலும் அதே எண்தான் இருக்கும். முதலில் வந்தவர் மட்டும் உள்ளே போவார். வாட்ஸ்அப்பில் படம் கொஞ்சம் மங்கினாலும் கேமரா படித்துவிடும். 1994-ல் ஜப்பானில் டென்சோ வேவ் நிறுவனம் க்யூஆரை உருவாக்கியது வாகன உதிரிபாகங்களை அடையாளம் காண்பதற்காக. அழுக்குப் பட்டாலும் படிக்க வேண்டும் என்று, உச்ச அளவில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை சேதத்தைத் தாங்கும்படி செய்திருக்கிறார்கள். (அதனால் டிக்கெட்டைப் படமெடுத்துப் போடுகிறவர்களே, மூலையை மட்டும் விரலால் மறைத்தால் போதாது.)

சில செயலிகளில் க்யூஆர் சில நொடிகளுக்கு ஒருமுறை மாறும்; அங்கே பழைய படம் செல்லாது. மற்றவற்றில், டிக்கெட் விற்ற தளத்திலேயே உங்கள் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். பழைய எண் ரத்தாகி உங்கள் கணக்கில் புது எண் வந்த பிறகு பணம் கொடுங்கள். அப்படி மாற்ற வசதி இல்லையென்றால், அப்புறம் எவ்வளவு ஆசை இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

நான் அன்றிரவே இணைய மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் கொடுத்தேன். அந்தத் தம்பதியும் கொடுத்திருக்கிறார்கள். இதே மாதிரி வாங்கி ஏமாந்தவர்கள் ரசீதையும் உரையாடலையும் அழிக்காமல் வைத்து, உடனே புகார் செய்யுங்கள்.