8×42 பைனாகுலர்: ஒரே குளத்துல ஒரு வருஷம் வச்சு பார்த்தாச்சு

வாங்கின வாரமே ரிவியூ எழுத உட்கார்ந்தேன், அப்புறம் வேணாம்னு விட்டுட்டேன், ஏன்னா கடை வாசல்ல நின்னு எதிர்ல இருக்கற போர்டை பார்த்தா எல்லா பைனாகுலரும் நல்லாத்தான் தெரியும். நான் பறவை பார்க்கறது பெரும்பாலும் வீட்டுலேந்து நடந்து போற தூரத்துல இருக்கற ஒரு குளத்துலதான், ஒரு கரை முழுக்க கோரை, இன்னொரு கரையில மரங்க, வாரத்துக்கு மூணு நாலு காலை போயிடுவேன். அங்கயே பனி வெயில் மழை எல்லாத்துலயும் கழுத்துல மாட்டிக்கிட்டு சுத்திட்டு இப்ப எழுதறேன். பிராண்ட் பேரு வேணும்னேதான் போடல, நான் சொல்ல வர்றது 8×42ங்கற அளவைப் பத்தி, அதாவது 8 மடங்கு பெருசா காட்டும், முன் லென்ஸ் 42 மில்லிமீட்டர் அகலம்.

நிறைய பேரு 10×42 தான் வாங்குவேன்னு நிக்கறாங்க, 10 பெருசுதானே, பறவை இன்னும் கிட்ட தெரியுமேன்னு. நண்பர்கிட்ட வாங்கி அதையும் ரெண்டு மாசம் பார்த்தேன். கிட்ட தெரியறது நிஜம், ஆனா கை ஆட்டமும் அதே அளவுக்கு பெருசாகும், காட்சி அகலமும் குறைஞ்சிடும். என்னோடதுல 1000 மீட்டர் தூரத்துல சுமார் 140 மீட்டர் அகலம் தெரியுது, 10ல பொதுவா 110 பக்கம்தான் வரும். தண்ணிக்கு மேல தாழப் பறந்து சடார்னு திரும்பற தகைவிலானை பிடிக்கணும்னா அந்த 30 மீட்டர் ரொம்ப பெரிய விஷயம். சின்ன குளம், அடிக்கடி பறந்து திரியற பறவைங்க, இதுக்கு 8 தான்னு நான் அடிச்சு சொல்லுவேன்.

அடுத்தது வெளிச்சம். 42ஐ 8ஆல வகுத்தா 5.25, அதாவது கண்ணுக்குள்ள வர்ற ஒளி வட்டம் 5.25 மில்லிமீட்டர். 8×32 வாங்கினா அது 4 தான். பட்டப்பகல்ல வித்தியாசமே தெரியாது, ஆனா குளிர்காலத்துல சூரியன் வர்றதுக்கு முன்னாடி கோரைக்குள்ள அசையறது தாழைக்கோழியா நாமக்கோழியான்னு நெத்தியில இருக்கற சிவப்பையும் வெள்ளையையும் வச்சு பிரிக்கணுமே, அப்பதான் இந்த கூடுதல் வெளிச்சத்தோட அருமை புரியும்.

எனக்கு இந்த கிளாஸ் மேல நம்பிக்கை வந்தது புதுப் பறவையை பார்த்தப்ப இல்ல, தெனமும் பார்த்த பறவை மாறினப்பதான். முக்குளிப்பான் மத்த மாசமெல்லாம் மங்கின பழுப்பா முங்கி முங்கி எழுந்துட்டு இருக்கும், இனப்பெருக்க காலம் நெருங்க நெருங்க கன்னமும் கழுத்தும் செம்பழுப்பா மாறும், அலகு ஓரத்துல ஒரு மஞ்சள் பொட்டு வரும். அந்த பொட்டு ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமா தெளிவானதை நான் பார்த்தேன். மடையானும் அப்படித்தான், கோடு கோடா மண் நிறத்துல கரையோட கரையா உட்கார்ந்திருக்கும், ஒரு நாள் பார்த்தா முதுகு முழுக்க அரக்கு நிறம். நிறத்தை உள்ளபடி காட்டாத கிளாஸா இருந்தா இதெல்லாம் தெரியாமயே போயிருக்கும். வலசை வர்ற உள்ளான்கள்லயும் அதே கதை, சாதா உள்ளானுக்கு தோள் பக்கம் ஒரு வெள்ளை மேல ஏறி நிக்கும், பொறி உள்ளானுக்கு முதுகுல பொரி பொரியா புள்ளியும் கண்ணுக்கு மேல நீளமா வெள்ளை கோடும் இருக்கும், சேத்துல 40 மீட்டர் தள்ளி நின்னாலும் இதுல பிரிக்க முடிஞ்சுது.

கோடையில வலசைப் பறவைங்க கிளம்பிப் போனதும் குளம் வெறிச்சோடின மாதிரி தோணும். அப்ப இதோட 2 மீட்டர் கிட்ட ஃபோகஸ் கை கொடுத்துச்சு, தட்டான்பூச்சியோட றெக்கை நரம்பு வரைக்கும் தெரியுது. வாங்கும்போது இதை நான் கேட்கவே இல்ல, நீங்க மறக்காம கேளுங்க.

மழைக்காலத்துல ரெண்டு தடவை நல்லா நனைஞ்சுது, உள்ள ஆவி படியல, நைட்ரஜன் நிரப்பி சீல் பண்ணினதுங்கறதால. வெளிக் கண்ணாடியில மூச்சுக்காத்து பட்டு மங்கறது எதுலயும் நடக்கும். ஆனா ஈரத்தோட பைக்குள்ள போட்டு மூடி வச்சிடாதீங்க, பூஞ்சை பிடிக்கும். நல்லா காய விட்டு சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட வைங்க. லென்ஸ்ல தூசி இருந்தா முதல்ல ஊதற பல்புல ஊதி, அப்புறம் மைக்ரோஃபைபர் துணி, சட்டை நுனியில துடைச்சா கோட்டிங்ல கீறல் விழுந்துடும்.

குறை இருக்கு. வெளுத்த வானத்துக்கு எதிர்ல கரிச்சான் கம்பியில உட்கார்ந்தா ஓரத்துல ஊதா கோடு அடிக்குது, இது உறுத்தும்னா ஈடி கிளாஸ், அதாவது இந்த மாதிரி நிற ஓரத்தை குறைக்கற கண்ணாடி, போட்டதா பாருங்க. கூட வந்த கழுத்துப் பட்டை மெல்லிசு, 700 கிராமை ரெண்டு மணி நேரம் தாங்கினா கழுத்து வலி நிச்சயம், நான் தோள் வழியா மாட்டற ஹார்னஸ் தனியா வாங்கிட்டேன், அதுக்கப்புறம் வலியே இல்ல.

இன்னொண்ணு, பலபேர் கிளாஸ் சரியில்லன்னு திருப்பிக் கொடுக்கறது டயாப்டரை, அதாவது ரெண்டு கண்ணுக்கும் இருக்கற பார்வை வித்தியாசத்தை சரிக்கட்டற வளையத்தை, செட் பண்ணாமத்தான். வலது பக்க லென்ஸை மூடிட்டு இடது கண்ணால நடு சக்கரத்தை திருப்பி ஒரு கிளையை துல்லியமா கொண்டு வாங்க, அப்புறம் இடதை மூடி, வலது கண்ணுக்கு அங்க இருக்கற வளையத்தை மட்டும் திருப்புங்க. ஒரு தடவை போதும். கண்ணாடி போடறவங்க கண் குவளையை, அதாவது கண்ணு வைக்கற பக்கம் இருக்கற ஏத்தி இறக்கற விளிம்பை, முழுசா கீழ இறக்கிடுங்க, ஐ ரிலீஃப், அதாவது முழு காட்சியும் தெரியற மாதிரி கண்ணு லென்ஸ்லேந்து தள்ளி இருக்கக்கூடிய தூரம், 15 மில்லிமீட்டருக்கு மேல இருக்கறதா பார்த்து வாங்குங்க.

பெரிய ஏரியில நடுத்தண்ணியில கூட்டமா மிதக்கற வாத்துகளை எண்ணணும்னா இது பத்தாது, அதுக்கு முக்காலியில வச்சு ஒரு கண்ணால பார்க்கற ஸ்பாட்டிங் ஸ்கோப்தான். என் குளத்துக்கு 5க்கு 4.5 கொடுப்பேன். எட்டாவது மாசத்துல இடது கண் குவளை லூசாகி தானா இறங்க ஆரம்பிச்சுது, அரை மார்க் அதுக்குத்தான் போச்சு, மாத்தி தர்றேன்னு சொல்லிருக்காங்க, வந்ததும் இங்கயே சொல்றேன்.